பழைய கற்கள் மேல் வரும் பாசம்: பிரிட்டனில் அது எங்கே ஊறுகிறது?

கேள்வி இது: "பிரிட்டனில் சாதாரண ஆட்கள்கூட இடிந்த கோட்டைக்கும் ஊர்க்கோடியில் நிற்கும் பழைய தேவாலயத்துக்கும் இப்படி உருகுகிறார்களே, அது சின்ன வயதில் வளர்ந்த சூழலால் வருவதா? அப்படியென்றால் அந்தச் சூழலில் எது அதைச் செய்கிறது? கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தால் போதுமா?"

பெரும்பாலும் சூழல்தான் காரணம். ஆனால் பக்கத்தில் பிறந்தால் மட்டும் போதாது. இந்த இடங்களைக் காப்பாற்ற வாழ்நாளையே கொடுத்த ஆட்களின் இளமைக் காலத்தை எடுத்துப் பார்த்தால், பெரிய அரண்மனைகள் அங்கே அதிகம் வருவதில்லை. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சின்னப் பழைய இடம், பிள்ளை தன் பாட்டுக்குப் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்திருக்கும். அதைப் பற்றிக் கதை சொல்ல ஒரு பாட்டியோ அத்தையோ ஆயாவோ இருந்திருப்பார்கள். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பாசம் ஊறியிருக்கிறது என்பது நான் படித்த வரையில் எனக்குத் தெளிவாகத் தெரிகிற விஷயம்.

இதற்கு ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1771இல் எடின்பரோ நகரத்தின் நெருக்கமான சந்து ஒன்றில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த குழந்தைகளில் பலர் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டார்கள். இவருக்கும் ஒன்றரை வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் ஊனமாயிற்று. கிராமத்துக் காற்றாவது பிள்ளையைத் தேற்றட்டும் என்று, ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப்புறத்தில் சாண்டிநோ என்ற இடத்தில் இருந்த தாத்தாவின் பண்ணைக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே நடந்த வைத்தியத்தை ஸ்காட் தன் முதல் நினைவாகவே எழுதி வைத்திருக்கிறார். அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலைச் சூடு ஆறுவதற்குள் பிள்ளையின் உடம்பில் சுற்றி, கூடத்துத் தரையில் படுக்க வைப்பார்கள். தாத்தா எதையாவது காட்டித் தவழ வைக்கப் பார்ப்பார். பழைய ராணுவ உடுப்புப் போட்ட உறவுக்காரக் கிழவர் ஒருவர் மண்டியிட்டு, தன் சட்டைப்பைக் கடிகாரத்தைத் தரைவிரிப்பில் மெல்ல இழுத்துக்கொண்டே போவார், பிள்ளை அதைப் பிடிக்கத் தவழட்டும் என்று. வெயில் நாட்களில் ஆடு மேய்ப்பவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறைகளுக்கு நடுவே மந்தையோடு விட்டுவிடுவார். நாள் முழுக்க அங்கேதான் கிடை.

அந்தப் பாறை மேட்டின் உச்சியில் நின்றது ஸ்மெயில்ஹோம் கோபுரம். சன்னல்கள் குறைந்த, சுவர் தடித்த, ஏறக்குறைய 20 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கல் கட்டிடம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இருந்த எல்லைப்பகுதியில் நூற்றாண்டுக் கணக்கில் மாடு திருடும் கூட்டங்கள் இரு பக்கமும் பாய்ந்துகொண்டிருந்தன. குடும்பத்தையும் கால்நடைகளையும் காப்பாற்றிக்கொள்ள அங்கே வசதி படைத்தவர்கள் இப்படிப்பட்ட கோபுரங்களைக் கட்டினார்கள். ஸ்மெயில்ஹோம் அப்படிப்பட்ட பலவற்றில் ஒன்று. அரசர் யாரும் முடிசூடிய இடமில்லை, பெரிய போர் நடந்த இடமுமில்லை. சாலையில் போகிறவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் பண்ணை வீட்டு அடுப்பங்கரையில் பாட்டி இருந்தார். அந்தக் கொள்ளைக்காரர்களின் கதைகளைப் பக்கத்து வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார். கல்யாணமாகாத அத்தை ஜேனட், கதைப்பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவார். எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே ஒரு நீளமான கதைப்பாட்டு பிள்ளைக்கு மனப்பாடம். யாராவது விருந்தாளி வந்தால் அதை உரக்கக் கத்திச் சொல்லி, பேச்சையே நிறுத்திவிடுவானாம். காலையில் எந்தக் கோபுரத்தின் அடியில் படுத்துக் கிடந்தானோ, ராத்திரி அதே கோபுரத்தைப் பற்றிய கதை. கண் பார்த்ததைக் காது உறுதி செய்கிறது, காது கேட்டதைக் கண் போய்ப் பார்த்துக்கொள்கிறது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலா எதனாலும் இதைக் கொடுக்க முடியாது.

இதிலிருந்து என்ன விளைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்காட் படித்து வக்கீல் ஆனார். ஆனால் 1792 முதல் வருடா வருடம் எல்லைப்புறத்து மலைக்குடிசைகளில் அலைந்து, கிழவிகள் வாயிலிருந்த கதைப்பாட்டுகளைச் சேகரித்தார். ஸ்மெயில்ஹோம் கோபுரம் சிதைந்து விழும் நிலைக்கு வந்தபோது, அதன் உரிமையாளரான தூரத்து உறவினரிடம் அதைக் காப்பாற்றும்படி கேட்டார். கோபுரத்தை வைத்து ஒரு கதைப்பாட்டு எழுதித் தந்தால் பார்க்கலாம் என்று அவர் சொல்ல, 1799இல் எழுதிக் கொடுத்தார். ஒரு பாட்டைக் கூலியாகக் கொடுத்து ஒரு கோபுரத்தை மீட்டார் என்றே சொல்லலாம். 1818இல் எடின்பரோ கோட்டையில் பூட்டிய அறை ஒன்றைத் திறக்க அனுமதி வாங்கி, 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்த பிறகு யாரும் பார்க்காமல் பெட்டிக்குள் கிடந்த ஸ்காட்லாந்தின் கிரீடத்தையும் செங்கோலையும் வாளையும் வெளியே கொண்டு வந்தவரும் அவர்தான். 1822இல் மெல்ரோஸ் மடாலய இடிபாடுகளைப் பழுது பார்க்கும் வேலையை நேரில் நின்று கவனித்தார். 1832இல் இறந்தபோது புதைக்கப்பட்டதும் டிரைபரோ என்ற இடிந்த மடாலயத்துக்குள்தான். இவ்வளவுக்கும் தொடக்கம் நடக்க முடியாத ஒரு பிள்ளையை ஆடுகளோடு கொண்டு போய் விட்ட அந்தப் பாறை மேடு.

சரி, ஒருவருடைய இளமை இன்னொருவருடைய இளமையைத் தொடும் என்பதற்கும் ஸ்காட்டே சாட்சி. அவருடைய வரலாற்று நாவல்கள் 1814 முதல் வரத் தொடங்கின. அடுத்த தலைமுறையில் லண்டனுக்கு வெளியே ஒரு பணக்கார வீட்டுப் பையன் ஏழு வயதுக்குள் அவற்றை ஒன்று விடாமல் படித்து முடித்திருந்தான். பெயர் வில்லியம் மாரிஸ். 1834இல் வால்தம்ஸ்டோவில் பிறந்தவர். ஆறு வயதில் குடும்பம் எப்பிங் காட்டை ஒட்டிய பெரிய வீட்டுக்குக் குடிபோனது. பையனுக்கு ஒரு குட்டிக் குதிரையும் விளையாட்டுப் போர்க்கவசமும் வாங்கிக் கொடுத்தார்கள். கவசத்தை மாட்டிக்கொண்டு குதிரையில் காட்டுக்குள் திரிவான். காட்டின் ஓரத்தில், சிங்ஃபோர்டில், எட்டாம் ஹென்றி காலத்தில் 1543இல் வேட்டை பார்ப்பதற்காகக் கட்டிய மரச்சட்ட மாளிகை ஒன்று இருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். அதன் மாடி அறையில் நிறம் மங்கிய பச்சை இலைகள் நெய்த திரைச்சீலை தொங்கியதைச் சின்ன வயதில் பார்த்ததையும், அது மனதில் பதிந்ததையும் மாரிஸ் நாற்பது வயது தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார். இலையும் கொடியுமாக அவர் பிற்காலத்தில் வரைந்த துணிகளையும் சுவர்த்தாள்களையும் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

எட்டு வயதில் அப்பா கேன்டர்பரி தேவாலயத்துக்குக் கூட்டிப் போனார். சொர்க்கத்தின் கதவே திறந்தது போல் இருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் படித்த மார்ல்பரோ பள்ளி. அப்போது புதிதாகத் தொடங்கிய, ஒழுங்கு சரியாக இல்லாத பள்ளி. பையன்கள் வகுப்பு முடிந்து எங்கே போகிறார்கள் என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மாரிஸ் தன்னந்தனியாக நடந்து ஏவ்பரியின் பெருங்கல் வட்டத்துக்கும் சில்பரி குன்றுக்கும் போய்ப் போய் வந்தார். பள்ளி நூலகத்தில் பழங்காலக் கட்டிடங்கள் பற்றிய புத்தகங்கள் நிறைய இருந்தன. காலையில் படித்ததைச் சாயங்காலம் கல்லாகப் பார்க்க முடிந்தது. நிர்வாகம் சரியில்லாத பள்ளி ஒரு மாணவனுக்கு இவ்வளவு நல்லது செய்திருக்கிறது!

இந்தப் பையன்தான் 1877இல் பழங்கட்டிடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். அன்றைக்குப் பழைய தேவாலயங்களுக்கு வந்த பெரிய ஆபத்து, புதுப்பிப்பு. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் செய்தது என்ன? 13ஆம் நூற்றாண்டுக் கட்டிடம் முழுக்க 13ஆம் நூற்றாண்டு மாதிரியே இருக்க வேண்டும் என்று, அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் சேர்த்த சன்னலையும் பலகை வேலையையும் பிடுங்கி எறிந்தார்கள். சுவரின் பழைய பூச்சைச் சுரண்டிக் கல் தெரிய வைத்தார்கள். பர்ஃபோர்ட் தேவாலயத்தில் நடந்ததைப் பார்த்துக் கொதித்துப்போன மாரிஸ், டூக்ஸ்பரி மடாலயத் தேவாலயத்திலும் இதே வேலை நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதே மாதம் சங்கம் உருவானது. 'சுரண்டாதே சங்கம்' என்ற அர்த்தம் வரும்படி ஒரு செல்லப்பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு, தினசரிப் பராமரிப்பை விடாதே, ஆனால் பழசு போலப் புதுசு செய்யாதே என்பதுதான் அவர்கள் கொள்கை. சங்கம் இன்றும் நடக்கிறது, அந்தக் கொள்கையோடுதான்.

வெறும் புத்தகப் படிப்பால் மட்டும் இதை யோசித்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். சின்ன வயதில் ஒரு பழைய இடத்துக்குள் இஷ்டம் போல் திரிந்தவருக்கு, அந்த இடத்தின் தேய்மானமே பிடித்துப்போகும். படிக்கட்டு நடுவில் பள்ளமாக இருப்பதும் திரைச்சீலை மங்கியிருப்பதும் குறையாகத் தெரியாது. அது இல்லாவிட்டால் இடமே வேறாகிவிடும் என்று அவருக்குத் தோன்றும்.

இனி இழப்பு. பாசம் மட்டும் இருந்தால் ஆள் ரசிகராக நின்றுவிடுவார். காவல்காரராக மாற, கண் முன்னால் ஒன்று பாழாவதைப் பார்த்திருக்க வேண்டும். இதற்கு ஜான் ஆப்ரியிடம்தான் போக வேண்டும், ஏவ்பரியின் அருமையை முதலில் உணர்ந்து உலகுக்குச் சொன்னவர்.

ஆப்ரி 1626இல் வில்ட்ஷயரில் ஒரு ஒதுக்குப்புறமான வீட்டில் பிறந்தார். விளையாட வயதொத்த பிள்ளைகள் கிடையாது. ஊருக்கு வரும் தச்சர், கொத்தர் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதும் பெரியவர்களிடம் பழைய காலத்தைக் கேட்பதும்தான் பொழுதுபோக்கு. அவருடைய ஆயாவுக்கு, நார்மன் படையெடுப்பிலிருந்து அன்றைய அரசர் சார்லஸ் வரைக்கும் இங்கிலாந்தின் வரலாறு முழுவதும் பாட்டாகவே தெரியுமாம்.

பக்கத்தில் மாம்ஸ்பரி என்ற ஊர். எட்டாம் ஹென்றி நாட்டின் மடாலயங்களை மூடிச் சொத்துகளைப் பிடுங்கியபோது, 1539இல் அங்கிருந்த பெரிய மடாலயமும் மூடப்பட்டது. ஸ்டம்ப் என்ற துணி வியாபாரி அதை வாங்கி உள்ளே தறி போட்டார். மடாலய நூலகத்தில் துறவிகள் தோல்தாளில் கையால் எழுதிய சுவடிகள் ஊரெல்லாம் சிதறின. ஆப்ரியின் தாத்தா காலத்தில் அந்தத் தாள்கள் வண்ணத்துப்பூச்சிகள் மாதிரிப் பறந்துகொண்டிருந்தன என்று எழுதியிருக்கிறார். கையுறை தைப்பவர்கள் அதில் பொட்டலம் கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டதும் அந்தத் தாளில்தான். துணி வியாபாரியின் கொள்ளுப்பேரன் ஒரு பாதிரியார், நல்ல மனிதர், ஆப்ரிக்குத் தெரிந்தவர். நல்ல பீர் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றியதும், வாய் ஓட்டையில் ஒரு சுவடித்தாளைத் திணித்து மேலே களிமண் அப்பி மூடுவார். இதைப் போல வேறு எதுவும் அடைக்காது என்பாராம். அவருடைய மகன்கள் துப்பாக்கிக் குழல் துடைக்கச் சுவடிகளைக் கிழித்தார்கள். பார்த்த பையனுக்கு அப்போதே மனசு வலித்தது. பின்னாளில் தேடிப் போனபோது மிச்சம் ஏதும் இல்லை.

அந்த வலிதான் ஆப்ரியை வாழ்நாள் முழுக்க ஓட வைத்தது. 1643இல், உள்நாட்டுப் போர் நடுவே, ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, ஓஸ்னி மடாலயத்தின் இடிபாடுகளை ஒரு ஓவியரை வைத்து வரைய வைத்தார். அந்த இடிபாடும் பிறகு போய்விட்டது, படம் நின்றது. ஆறு வருடம் கழித்து, 1649 ஜனவரியில், நண்பர்களோடு வேட்டைக்குப் போனபோது ஏவ்பரி கிராமத்தில் வீடுகளுக்கும் வேலிகளுக்கும் நடுவே நின்ற பிரம்மாண்டமான கற்களைப் பார்த்துத் திகைத்து, கொஞ்ச நேரம் வேட்டையை விட்டுவிட்டு அங்கேயே நின்றார். கிராமத்துக்காரர்கள் தினமும் பார்த்த கற்கள்தான். அது ஒரு பெரும் வட்டம், மனிதர் கட்டியது, மிகப் பழையது என்பது இவர் கண்ணுக்குத்தான் தட்டுப்பட்டது. 1663இல் இரண்டாம் சார்லஸ் அரசரையே கூட்டி வந்து காட்டினார். ஸ்டோன்ஹெஞ்சில் உள்ள 56 குழிகளின் வட்டம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

ஆப்ரி காட்டிக் கொடுத்ததோடு ஆபத்து தீரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஏவ்பரியின் கற்களை நெருப்பு வைத்துச் சூடாக்கித் தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்டினார்கள். 1870களில் அங்கே வீட்டு மனை போடப் பார்த்தபோது நிலத்தை வாங்கித் தடுத்தவர் ஜான் லப்பக். அவருடைய இளமைச் சூழலும் ஒரு சுவையான கதை. ஒரு நாள் அப்பா வந்து பெரிய செய்தி ஒன்று சொல்லப் போகிறேன் என்றதும், குட்டிக் குதிரை வரப் போகிறது என்று பையன் குதித்தானாம். அப்பா சொன்ன செய்தி, சார்லஸ் டார்வின் பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிறார் என்பது. அப்போது லப்பக்குக்கு எட்டு வயது. பையனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் மண்ணையும் கல்லையும் புழுவையும் பொறுமையாகப் பார்க்கும் பழக்கம் அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் நாடாளுமன்றத்துக்குப் போய் விடாமல் முட்டி மோதி, 1882இல் பிரிட்டனின் முதல் பழம்பெரும் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரபு பட்டம் வந்தபோது எடுத்துக்கொண்ட பெயர் ஏவ்பரி.

சூழல் என்றால் கிடைத்தது மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடைக்காததும் சேர்த்தி. சிறுவர் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், 1866இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கு அனுப்பவில்லை, மாடி அறைதான் உலகம். அந்த வீட்டைத் தான் விரும்பாத பிறப்பிடம் என்றே வயதான காலத்தில் குறிப்பிட்டார். வருடத்தில் சில மாதம் குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் போகும், பதினாறு வயதில் முதன்முறையாக வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குப் போனார்கள். அங்கே அந்த ஊர்ப் பாதிரியார் ஹார்ட்விக் ரான்ஸ்லியின் பழக்கம் கிடைத்தது. மூடிய அறையிலிருந்து வந்தவருக்கு அந்தக் கல் வீடுகளும் மலைச்சரிவில் ஓடும் காரைபூசாத கல்வேலிகளும் எப்படித் தெரிந்திருக்கும்! முயல் கதைகளில் வந்த பணத்தில் 1905இல் ஹில் டாப் என்ற 17ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டை வாங்கினார். ஊரில் பண்ணைச் சாமான் ஏலம் நடந்தால் போய், உள்ளூர்த் தச்சர்கள் செய்த பழைய ஓக் அலமாரிகளை வாங்கி, அந்தந்த ஊர் வீட்டிலேயே இருக்கும்படி செய்தார். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும், பழைய இடங்களையும் இயற்கை நிலங்களையும் காக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதி வைத்தார். அந்த மலைக்கே உரிய ஹெர்ட்விக் ஆடுகளைத் தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதும் அவருடைய ஏற்பாடு.

நேஷனல் டிரஸ்ட்டைத் தொடங்கிய மூவரில் ரான்ஸ்லி ஒருவர், ராபர்ட் ஹன்டர் ஒருவர், மூன்றாமவர் ஆக்டேவியா ஹில். ஹில்லின் கதையும் கிடைத்துப் பறிபோன கதைதான். அப்பா தொழிலில் நொடித்துப்போய் மனமும் உடைந்தார். பிள்ளைகளைத் தாத்தா தாங்கினார். அப்போது கிராமமாக இருந்த ஃபின்ச்லியின் வயல்களில் ஓடித் திரிந்த பெண், பதின்மூன்று பதினான்கு வயதில் லண்டனுக்கு வந்து ஏழைப் பிள்ளைகளின் பொம்மைப் பட்டறையைப் பார்த்துக்கொண்டார். புல்லையே பார்க்காத பிள்ளைகள். 1875இல் ஸ்விஸ் காட்டேஜ் வயல்வெளியைக் காப்பாற்றப் பணம் திரட்டித் தோற்றார், அங்கே வீடுகள் வந்துவிட்டன. இருபது வருடம் கழித்து, 1895இல் டிரஸ்ட் பிறந்தது. அது வாங்கிய முதல் கட்டிடம் என்ன தெரியுமா? ஆல்ஃப்ரிஸ்டன் என்ற ஊரில் கூரை சரிந்து கிடந்த, 14ஆம் நூற்றாண்டு ஓலைக்கூரை வீடு. விலை 10 பவுண்டு. தொடங்கியவர்களின் மனதில் இருந்தது எந்த மாதிரி இடம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இதற்கு எதிரான உதாரணத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் நேர்மையாக இருக்காது. நிக்கோலஸ் பெவ்ஸ்னர் பிறந்தது 1902இல், ஜெர்மனியின் லைப்சிக்கில். யூதப் பின்னணி காரணமாக 1933இல் பல்கலைக்கழக வேலை போய் இங்கிலாந்துக்கு வந்தார். சின்ன வயதில் ஆங்கில ஊர்த் தேவாலயங்களுக்கு நடுவே வளராத மனிதர். அவர்தான் மாவட்டம் மாவட்டமாகக் காரில் போய், இங்கிலாந்தின் கட்டிடங்களை 1951 முதல் 1974 வரை 46 தொகுதிகளில் பதிந்தார். பெரும்பாலும் மனைவி லோலா கார் ஓட்ட, இவர் குறிப்பெடுப்பார். பகலெல்லாம் பார்த்து ராத்திரி தங்குமிடத்தில் உட்கார்ந்து எழுதுவார்.

அப்போது சூழல் தேவையில்லையா? பெவ்ஸ்னரை ஜான் பெட்ஜமன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். கவிஞர் பெட்ஜமன் 1906இல் பிறந்து லண்டன் ஹைகேட்டில் வளர்ந்தவர். கோடை விடுமுறை கார்ன்வால் கடற்கரையில். அங்கே செயின்ட் எனடாக் என்று ஒரு குட்டித் தேவாலயம், 19ஆம் நூற்றாண்டில் மணல்மேட்டுக்குள் அநேகமாகப் புதைந்தே கிடந்தது. வழிபாட்டு உரிமை போய்விடாமல் இருக்க, பாதிரியார் வருடத்துக்கு ஒரு முறை கூரை வழியாக இறங்குவார். 1864 வாக்கில் மணலைத் தோண்டி மீட்டார்கள். விடுமுறைக்கு வந்த பையனுக்கு இதைவிடக் கதை வேண்டுமா? லண்டனில் அவருக்கு ரயில் நிலையங்கள், செங்கல் வீடுகள், விக்டோரியா காலத்துத் தெருக்கள். அவர் தலைமுறையில் படித்தவர்கள் விக்டோரியா காலத்துக் கட்டிடம் என்றாலே முகம் சுளித்தார்கள். இவருக்கோ அது சொந்த ஊர். யூஸ்டன் நிலையத்தின் பெரிய தோரண வாயிலைக் காப்பாற்ற எவ்வளவோ போராடியும் 1961இல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருந்த செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் பிழைத்தது. 1967இல் அதை முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் போராட்டத்தில் பெட்ஜமனும் பெவ்ஸ்னரும் ஒரே பக்கம், அந்தக் காலத்துக் கட்டிடங்களைக் காக்கும் விக்டோரியா சங்கத்திலும் ஒன்றாக. இன்று அந்த நிலையத்தில் பெட்ஜமனுக்குச் சிலை இருக்கிறது. அவரைப் புதைத்தது அந்தக் கடற்கரைக் குட்டித் தேவாலயத்தின் வளாகத்தில்.

பெவ்ஸ்னர் எழுத்தில் எந்தத் தூண் எந்த நூற்றாண்டு, யார் கட்டியது என்பது துல்லியமாக இருக்கும். பெட்ஜமன் எழுத்தில் மெழுகின் வாசனையும் ஈரக்கல்லின் குளிர்ச்சியும் இருக்கும். வளர்ந்த பிறகு படித்துக் கற்றுக்கொண்டு நேசிக்கலாம், அது எந்த வகையிலும் மட்டமில்லை. நாட்டுக்கு இரண்டு வகை ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஆனால் எல்லோரும் சீ என்று சொல்லும் ஒன்றின் பக்கம் நிற்கும் பிடிவாதம், அதிகமும் சின்ன வயதில்தான் விதைக்கப்படுகிறது.

கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தால் போதுமா என்று கேட்டீர்கள். உள்ளேயே பிறந்தாலும் போதாது. 20ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பெரிய கிராமத்து மாளிகைகள் இடிக்கப்பட்டன. வாரிசு வரியும் பராமரிப்புச் செலவும் கழுத்தை நெரித்தது உண்மை. ஆனால் இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் பலர் அதே மாளிகையில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது ஒழுகும் கூரையும் கட்டாத கணக்கும்தான்.

இந்த மாளிகைகளைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்து விஷயம் ஒன்றையும் தவிர்க்க முடியாது. வேல்ஸில் உள்ள பாவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது மதராஸ் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் குடும்பம் வழியாகப் போய்ச் சேர்ந்தது. 2020இல் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வியாபாரத்தோடும் இருந்த தொடர்பைத் தொகுத்து வெளியிட்டது. பெரிய சண்டையே நடந்தது. சின்ன வயதுப் பாசம் அதிகம் உள்ளவர்கள்தான் அதிகம் கோபப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன், அவர்கள் கேட்டு வளர்ந்த கதையில் இது இல்லை. இங்கே கதை சொல்லும் பெரியவருக்கு உள்ள பொறுப்பு தெரிகிறது. அந்தக் கூடாரம் எப்படி வந்தது என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் நேராகச் சொன்னால் அதற்குக் கோட்டை பிடிக்காமல் போய்விடாது. இன்னும் நாலு கேள்வி கேட்கும், அவ்வளவுதான்.

கடைசியாக, உங்கள் கேள்வியின் நடைமுறைப் பக்கம். பிள்ளைக்கு இந்தப் பிரியம் வர வேண்டும் என்று நினைப்பவர், முதலில் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே 1970களின் கடைசியிலிருந்து சாதாரணப் பார்வையாளர் கற்களுக்கு இடையே போக முடியாது, தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஏவ்பரியில் கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம், பக்கத்தில் ஆடு மேயும், வட்டத்துக்குள்ளேயே ஊரும் மதுக்கடையும் இருக்கின்றன. அதைவிட எளிது, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊர்த் தேவாலயம். இங்கிலாந்துத் திருச்சபையிடம் மட்டும் சுமார் 16,000 தேவாலயங்கள் உள்ளன, பெரும்பாலானவை பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. கட்டணம் கிடையாது. ஆனால் கூரை ஈயத்தைத் திருடுகிறார்கள், கவனிக்க ஆளில்லை என்று பலவற்றைப் பகலிலும் பூட்டி வைக்கிறார்கள். வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்டவற்றை அதற்கென உள்ள அறக்கட்டளை எடுத்துப் பராமரிக்கிறது, பெரும்பாலும் திறந்தே வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், பெரிய கோட்டைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சின்னக் கதவுகளைத் திறந்து வைக்கச் செலவழிக்கலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளை யாரையும் கேட்காமல் நுழைந்து பார்க்கக்கூடிய பழைய இடம், பல ஊர்களில் அது ஒன்றுதான்.